ஐ.ஜி.எஃப்-1 அதிகம் என்று ரிப்போர்ட் வந்தது: அதற்கு முன்னும் பின்னும்

மணிக்கட்டு ஆபரேஷனுக்காகத்தான் அன்றைக்குப் போனேன். இரண்டு கையிலும் விரல்கள் மரத்துப்போகும், ராத்திரி தூக்கத்தில் எழுந்து கையை உதறிக்கொண்டே உட்கார்ந்திருப்பேன், மணிக்கட்டில் நரம்பு அழுந்துகிறது, கார்ப்பல் டன்னல் என்று சொல்லி வலது கைக்கு முதலில் தேதி கொடுத்திருந்தார்கள். ஆபரேஷனுக்கு முன்னால் மயக்க மருந்து டாக்டர் வந்து பார்ப்பார் இல்லையா, அந்தம்மா என்னை வாயைத் திறக்கச் சொன்னார், டார்ச் அடித்துப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், மறுபடியும் பார்த்தார். அப்புறம் டார்ச்சை அணைத்துவிட்டு, கைக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு கேள்வி கேட்டார்: "கடைசி நாலஞ்சு வருஷத்துல செருப்பு சைஸ் மாறியிருக்கா?"

மாறியிருந்தது. ஆறு வருஷத்தில் இரண்டு சைஸ். அதை நான் யாரிடமும் வியாதியாகச் சொன்னதே இல்லை, கால் பெரிதானதற்கு எந்த டாக்டரிடம் போவது? எடை கூடிவிட்டது, கால் அகலமாகிவிட்டது என்று நானே ஒரு காரணம் வைத்திருந்தேன். மோதிரத்தைக் கேட்டார். அது சோப்பு போட்டும் கழலாமல் வெட்டி எடுத்து, பெரிதாக்கி, மறுபடியும் இறுகி, கடைசியில் பெட்டிக்குள் போய்விட்டது. குறட்டை? ஆமாம். வியர்வை? ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருந்தாலும் முதுகு நனையும். கீழ்ப்பல் வரிசையில் இடைவெளி? அதைப் பல் டாக்டரிடம் காட்டியிருந்தேன், ஈறு பலவீனம் என்றார். குரல்? போனில் பேசினால் முன்பின் தெரியாதவர்கள் "சொல்லுங்க சார்" என்கிறார்கள். அதைச் சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தனை வருஷத்தில் என் குரலைப் பற்றிக் கேட்ட முதல் டாக்டர் அவர்தான்.

"கை ஆபரேஷன் இன்னைக்கு வேண்டாம்" என்றார். ஒரு சீட்டில் ஐ.ஜி.எஃப்-1 என்று ஒரு ரத்த டெஸ்ட்டின் பெயரை எழுதிக் கொடுத்தார். "இதை எடுத்துட்டு ஒரு எண்டோகிரைனாலஜிஸ்ட்டை, ஹார்மோன் டாக்டரைப் பாருங்க. அக்ரோமெகலியா இருக்குமோன்னு எனக்கு ஒரு சந்தேகம். இல்லேன்னா சந்தோஷம். இருந்தா, உங்களுக்கு மயக்க மருந்து கொடுக்கிற விதமே வேற." அக்ரோமெகலி என்றால் வளர்ச்சிக்கான க்ரோத் ஹார்மோன் அளவுக்கு மிஞ்சிச் சுரந்து கை, கால், முகமெல்லாம் பெரிதாகிற நோய். அதில் நாக்கும் தொண்டைச் சதையும் தடித்திருந்தால் மூச்சுக்குழாயில் ட்யூப் போடுவது கஷ்டமாகும், அதனால்தான் மயக்க மருந்து டாக்டர்களின் கண்ணில் இது சீக்கிரம் படுகிறது என்று பின்னால் தெரிந்துகொண்டேன். எனக்கு அப்போது நாற்பத்தொரு வயது.

இதில் யாரையும் குறை சொல்ல எனக்கு மனமில்லை, ஆனால் நடந்ததைச் சொல்லியாக வேண்டும். சுகர் எல்லைக்கோட்டில் இருக்கிறது என்று ஒரு டாக்டர், பிரஷருக்கு மாத்திரை கொடுத்தவர் இன்னொருவர், பல்லுக்கு ஒருவர், கைக்கு ஒருவர், மாதவிடாய் தள்ளிப்போனதற்கு ஒருவர். ஒவ்வொருவரும் தன்னிடம் வந்த துண்டை ஒழுங்காகத்தான் பார்த்தார்கள். துண்டுகளைச் சேர்த்துப் பார்க்கத்தான் ஆள் இல்லை, நானும் சேர்த்துச் சொன்னதில்லை. பல் டாக்டரிடம் போய்ச் செருப்பு சைஸைப் பற்றி யார் பேசுவார்கள்? அக்ரோமெகலிக்கு அந்தப் பெயரை வைத்தவர் பியர் மரீ என்ற பிரெஞ்சு டாக்டர், 1886-ல். பெயர் வைத்து இத்தனை காலம் ஆகியும், தொடங்கியதிலிருந்து கண்டுபிடிக்க ஐந்து, பத்து வருஷம் ஆவது இன்றைக்கும் சகஜம். மாற்றம் அவ்வளவு மெதுவாக நடக்கிறது, தினமும் கூட இருப்பவர்களின் கண்ணும் அதோடு சேர்ந்தே பழகிவிடுகிறது. என் கணவர் குறட்டையைச் சொல்லிக் கேலி செய்திருக்கிறார், என் முகம் மாறியது அவருக்குத் தெரியவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் ஏழு வருஷத்துக்கு முந்தைய போட்டோ ஒன்றை எடுத்து என் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். புருவ எலும்பு, மூக்கு, உதடு, தாடை. அவர் ஒன்றும் பேசவில்லை, போட்டோவை மட்டும் கவிழ்த்து வைத்தார்.

மூன்றாம் நாள் ரிப்போர்ட் வந்தது. 712. பக்கத்தில் என் வயதுக்கான மேல் வரம்பு 246 என்று போட்டிருந்தது.

ஐ.ஜி.எஃப்-1 என்பது இன்சுலின் போலவே அமைப்புள்ள ஒரு வளர்ச்சிக் காரணி. மூளைக்கு அடியில், பட்டாணி அளவில் இருக்கிற பிட்யூட்டரி சுரப்பி க்ரோத் ஹார்மோனை விடுகிறது, அது கல்லீரலுக்குப் போய்ச் சேர்ந்ததும் கல்லீரல் ஐ.ஜி.எஃப்-1 தயாரிக்கிறது. எலும்பையும் சதையையும் வளரச் சொல்லும் வேலையில் பெரும்பங்கு இதற்குத்தான். க்ரோத் ஹார்மோனையே நேராக அளந்தால் என்ன என்று நானும் கேட்டேன். அது நாள் முழுக்க விட்டுவிட்டுச் சுரக்கிறது, ரத்தத்தில் இருபது நிமிஷம்போல இருந்தாலே பாதி காணாமல் போகும், அதனால் நீங்கள் ஊசி குத்திய நேரத்தில் மேலே இருந்ததா கீழே இருந்ததா என்பது அதிர்ஷ்டம். ஐ.ஜி.எஃப்-1 அப்படியில்லை. தன்னைத் தாங்கிப் பிடிக்கும் புரதங்களோடு ஒட்டிக்கொண்டு, நாள் முழுக்க ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கும். காலையில் எடுத்தாலும் சாயங்காலம் எடுத்தாலும் பெரிய வித்தியாசம் இருக்காது.

எண்டோகிரைனாலஜிஸ்ட்டின் அப்பாயின்ட்மென்ட் நாலு நாள் கழித்துத்தான் கிடைத்தது. அந்த நாலு நாளில் நான் செய்த தப்பைத்தான் முக்கியமாக எழுத வந்தேன். போனைக் கையில் வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்கத் தேடினேன். ஐ.ஜி.எஃப்-1 செல்களைப் பெருகச் செய்யும், சாக வேண்டிய செல்லைச் சாகவிடாமல் தடுக்கும், அளவு கூடினால் மூளைக்கட்டி வரும் ஆபத்து கூடுமா என்று ஆராய்கிறார்கள் என்றெல்லாம் படித்தேன். படித்ததை என் 712-ஓடு பொருத்திப் பார்த்து, இத்தனை வருஷம் இந்த ரத்தம் என் மூளையில் ஓடியிருக்கிறதே, உள்ளே என்னவெல்லாம் முளைத்திருக்கும் என்று கணக்குப் போட ஆரம்பித்தேன். எடை குறைக்கிறேன் என்று நடுவில் ஆறு மாதம் புரோட்டீன் பவுடர் குடித்திருந்தேன், அதனால்தான் இப்படி ஆகிவிட்டது, நானே வரவழைத்துக்கொண்டேன் என்று ஒரு முடிவுக்கும் வந்துவிட்டேன். எம்.ஆர்.ஐ-யில் பிட்யூட்டரியில் 14 மில்லிமீட்டர் கட்டி என்று வந்ததும், நான் நினைத்தது சரியாகிப்போச்சு என்றுதான் தோன்றியது. எண் ஏறியது, எண்ணால் கட்டி வந்தது.

எண்டோகிரைனாலஜிஸ்ட் வயசானவர், நிதானமாகப் பேசுவார். நான் அழுதுகொண்டே புரோட்டீன் பவுடரைப் பற்றிச் சொல்லி முடிக்கிறவரைக்கும் குறுக்கிடவே இல்லை. அப்புறம் என் ஃபைலைத் திருப்பி, ரிப்போர்ட்டின் பின்பக்கம் ஒரு அம்புக்குறி போட்டார். ஒரு முனையில் கட்டி, இன்னொரு முனையில் 712. "அம்பு எந்தப் பக்கம் போகுது பாருங்கம்மா. கட்டிதான் க்ரோத் ஹார்மோனைக் கொட்டுது, அதனாலதான் எண் ஏறியிருக்கு. எண் ஏறினதால கட்டி வரல. நீங்க சாப்பிட்டது, குடிச்சது எதுவும் இதுக்குக் காரணம் இல்ல." நான் நாலு நாளாகத் திருப்பிப் போட்டு வைத்திருந்த அம்பு அது. அந்தக் காகிதம் இன்னும் என் ஃபைலில் இருக்கிறது.

இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இதில் இரண்டு வேறு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன, நானும் கலந்துகொண்டுதான் தவித்தேன். ஒன்று, எனக்கு நடந்தது: பிட்யூட்டரியில் ஏற்கெனவே ஒரு கட்டி, அது ஹார்மோன் விடும் கட்டி, அதன் அடையாளமாக ரத்தத்தில் ஐ.ஜி.எஃப்-1 பல மடங்கு. இந்தக் கட்டிகள் ஏறக்குறைய எல்லாமே புற்று அல்லாதவை. மூளைத் திசுவுக்குள் முளைப்பதும் இல்லை, மூளைக்குக் கீழே ஒரு எலும்புக் குழிக்குள் இருக்கும் சுரப்பியில் வருபவை, மண்டைக்குள் இருப்பதால் கணக்கெடுக்கும்போது மூளைக்கட்டிகளோடு சேர்த்து எண்ணுகிறார்கள். இன்னொன்று, ஆராய்ச்சிக்காரர்கள் கேட்கும் கேள்வி: எந்த நோயும் இல்லாத சாதாரண ஆட்களில், வரம்புக்குள்ளேயே ஐ.ஜி.எஃப்-1 கொஞ்சம் மேலே இருப்பவர்களுக்கும் கீழே இருப்பவர்களுக்கும், பின்னாளில் க்ளையோமா மாதிரி, அதாவது மூளைத் திசுவிலேயே முளைக்கும் கட்டி வருவதில் வித்தியாசம் உண்டா? முதலாவதற்கான பதிலை இரண்டாவதில் தேடினால் பயம்தான் மிஞ்சும்.

இரண்டாவது கேள்விக்கு என்ன பதில் என்று பிறகு நிதானமாக, டாக்டரிடம் கேட்டுக் கேட்டுப் படித்தேன். நோய் வந்த பிறகு ரத்தம் எடுத்தால் நோயே அளவை மாற்றியிருக்கலாம், அம்பு எந்தப் பக்கம் என்று தெரியாது. அதனால் நோய் வருவதற்கு முன்னாலேயே ரத்தம் எடுத்து உறைய வைத்து, பல வருஷம் காத்திருந்து, யாருக்கு வந்தது என்று பார்த்துவிட்டு, அவர்களுடைய பழைய ரத்தத்தை வெளியே எடுத்து, நோய் வராதவர்களுடைய ரத்தத்தோடு ஒப்பிடுகிறார்கள். ஐரோப்பாவில் பத்து நாடுகளில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை 1990-களில் சேர்த்துத் தொடர்ந்து கவனித்து வரும் எபிக் என்ற பெரிய ஆய்வில் இப்படிச் செய்தார்கள், முடிவு 2011-ல் வந்தது. க்ளையோமாவை மொத்தமாக எடுத்தால் ஐ.ஜி.எஃப்-1 அளவோடு தொடர்பு தெரியவில்லை. மெதுவாக வளரும் க்ளையோமாவிலும், காது நரம்பில் வரும் அக்கூஸ்டிக் நியூரோமாவிலும் அளவு கூடினவர்களிடம் ஆபத்து கூடுதலாக இருப்பது போன்ற சாயல் தெரிந்தது, ஆனால் அந்தப் பிரிவுகளில் ஆட்கள் மிகக் குறைவு. கொஞ்சம் பேரை வைத்துக்கொண்டு பெரிதாக ஒன்றும் சொல்லிவிட முடியாது.

"ஆபத்து இரண்டு மடங்கு" என்கிற மாதிரி ஒரு வரியைப் படித்தால் எதனுடைய இரண்டு மடங்கு என்று கேட்கப் பழகிக்கொண்டேன். மூளையில் வரும் புற்றுக்கட்டி வருஷத்துக்கு ஒரு லட்சம் பேரில் பத்துக்கும் குறைவானவர்களுக்குத்தான் வருகிறது. அது இரட்டித்தாலும், ஒரு லட்சம் பேரில் மிச்சம் எல்லோரும் தப்பித்தவர்களே. உறுதியாகத் தெரிந்த காரணங்கள் வேறு: தலைக்கு அதிக அளவில் கொடுத்த கதிர்வீச்சு, நியூரோஃபைப்ரோமடோசிஸ் மாதிரி பரம்பரையாக வரும் சில மரபணுக் கோளாறுகள். ரத்தத்தில் ஐ.ஜி.எஃப்-1 பார்த்து இவருக்கு மூளைக்கட்டி வரும், வராது என்று சொல்கிற டெஸ்ட் எதுவும் நடைமுறையில் இல்லை.

அதற்காக இந்தக் கேள்வியே வீண் என்று நான் நினைக்கவில்லை. எக்வடோரில் ஒரு மலைப்பகுதியில் லாரோன் சிண்ட்ரோம் உள்ளவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்கள் உடம்பு க்ரோத் ஹார்மோனுக்குச் செவிசாய்க்காது, ஐ.ஜி.எஃப்-1 பிறவியிலிருந்தே மிகக் குறைவு, உயரமும் குறைவு. அவர்களை இருபது வருஷத்துக்கும் மேல் கவனித்து 2011-ல் வெளியிட்டார்கள், அவர்களிடம் புற்றுநோய் அபூர்வம். இதைப் படித்ததும் எனக்குப் பழைய பயம் திரும்பி வந்தது, மறைக்க வேண்டியதில்லை. டாக்டரிடம் கேட்டேன். அவர் ஒளிக்காமல் சொன்னார்: அக்ரோமெகலியில் அதிக கவனம் வைக்க வேண்டியது பெருங்குடலின் உள்சுவரில் சின்னச் சதை வளர்ச்சியாக வரும் பாலிப்கள், தைராய்டில் வரும் கட்டிகள், அதனால்தான் எல்லோருக்கும் குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் கொலனாஸ்கோப்பி எழுதுகிறோம், இதயத்தைப் பார்க்கிறோம், தூக்கத்தில் மூச்சு நிற்கிறதா என்று பார்க்கிறோம். எண்ணை வரம்புக்குள் கொண்டுவருவதுதான் வைத்தியம். எனக்குக் கொலனாஸ்கோப்பியில் சின்னதாக ஒரு பாலிப் இருந்தது, அப்போதே எடுத்துவிட்டார்கள். இதைச் சொல்லக் கூச்சப்பட்டு நிறையப் பேர் அந்த டெஸ்ட்டைத் தள்ளிப்போடுகிறார்கள், தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

இதற்கு நடுவில் அக்கா ஒரு காரியம் செய்துவிட்டாள். தங்கைக்கு வந்ததே, பையனுக்கும் இருந்தால் என்ன ஆவது என்று, யாரையும் கேட்காமல் தன் மகனுக்கும் ஐ.ஜி.எஃப்-1 எடுத்துவிட்டாள். அவனுக்குப் பதினைந்து வயது. ராத்திரி பத்து மணிக்குப் போன். "438 வந்திருக்குடி. உனக்கு மேல் வரம்பே 246தானே போட்டிருந்தது?" குரல் நடுங்கியது. என் ரிப்போர்ட்டை எப்போதோ போட்டோ எடுத்து வைத்திருந்தவள், அதில் இருந்த வரம்பை வைத்துப் பையனை அளந்துவிட்டாள். ரிப்போர்ட்டை முழுசாக அனுப்பு என்றேன். அடுத்த பக்கத்திலேயே, சின்ன எழுத்தில், அவன் வயதுக்கான வரம்பு இருந்தது. அவன் அதற்குள் சௌக்கியமாக இருந்தான். பருவ வயதில் ஐ.ஜி.எஃப்-1 வாழ்நாளிலேயே உச்சத்துக்குப் போகும், பிள்ளைகள் ஒரே வருஷத்தில் கிடுகிடுவென வளர்வது அதனால்தான், பிறகு வயது ஏற ஏற இறங்கிக்கொண்டே வரும். பதினைந்து வயதுப் பையனையும் நாற்பது வயதுக்காரியையும் ஒரே அளவுகோலால் அளக்கவே கூடாது. அக்காவுக்கு அன்றைக்குத்தான் தூக்கம் வந்தது, பையனுக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது.

அதனால் இந்த டெஸ்ட்டை எடுத்தவர்களுக்கு, எடுக்கப்போகிறவர்களுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ரிப்போர்ட்டில் உங்கள் வயதுக்கான வரம்பு எது என்று முதலில் தேடுங்கள், அது இல்லாமல் எண்ணுக்கு அர்த்தமே கிடையாது. ஒவ்வொரு லேபிலும் அளக்கும் முறை வேறு, அதனால் திரும்பத் திரும்ப எடுக்க வேண்டியிருந்தால் ஒரே லேபில் எடுங்கள். நான் ஒரு முறை அவசரத்துக்கு வேறு இடத்தில் கொடுத்து, ஏறிவிட்டதோ என்று ஒரு வாரம் நிம்மதி இழந்தேன். கல்லீரல் கோளாறு, கட்டுப்படாத சுகர், தைராய்டு குறைவு, பட்டினி கிடப்பது, இதெல்லாம் அளவைக் கீழே இழுத்துவிடும். ஈஸ்ட்ரோஜன் சேர்ந்த மாத்திரை சாப்பிடும் பெண்களுக்கும் அளவு குறைவாகக் காட்டும், உள்ளே நோய் இருந்தும் எண் பரவாயில்லை போலத் தெரியலாம், ஆகவே கருத்தடை மாத்திரை சாப்பிட்டால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். கர்ப்ப காலத்தில் கணக்கே வேறு. முடி வளர்வதற்கென்று பயோட்டின் சேர்ந்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதையும் சொல்ல வேண்டும், சில லேப் முறைகளில் அது ஹார்மோன் டெஸ்ட்களைக் குழப்பிவிடும். லேசாக வரம்பைத் தாண்டியிருந்தால் டாக்டர்கள் முதலில் மறுபடி எடுக்கத்தான் சொல்வார்கள்.

எனக்கு உறுதி செய்ய இன்னொரு டெஸ்ட் வைத்தார்கள். வெறும் வயிற்றில் 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த தண்ணீர், குமட்டுகிற இனிப்பு, குடித்துவிட்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும், அரை மணிக்கு ஒரு முறை ரத்தம். சர்க்கரை ஏறினால் க்ரோத் ஹார்மோன் அடங்க வேண்டும், அதுதான் உடம்பின் வழக்கம். என்னுடையது அடங்கவே இல்லை. கட்டி யார் சொல்வதையும் கேட்பதில்லை என்று நர்ஸ் சொன்னது நினைவிருக்கிறது. கண் பார்வையையும் பரிசோதித்தார்கள், ஒரு கிண்ணம் மாதிரியான மெஷினுக்குள் முகத்தை வைத்துக்கொண்டு, ஓரத்தில் எங்காவது வெளிச்சப் புள்ளி தெரிந்தால் பட்டனை அழுத்த வேண்டும். இரண்டு கண்ணின் நரம்பும் பிட்யூட்டரிக்கு மேலேதான் குறுக்காகப் போகின்றன, கட்டி மேலே வளர்ந்து அங்கே அழுத்தினால் இரண்டு பக்க ஓரப் பார்வையும் போய்விடும். எனக்கு இன்னும் தொடவில்லை. பக்கவாட்டில் வருபவர்கள் மேல் மோதிக்கொள்கிறீர்கள், கதவு நிலையில் தோள் இடிக்கிறது என்றால் கண்ணாடி பவரை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள், ஓரப் பார்வையையும் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆபரேஷன் மூக்கு வழியாக. மண்டையைத் திறப்பார்கள் என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தார்கள். மூக்குத் துவாரத்துக்குள் எண்டோஸ்கோப்பை விட்டு, பின்னால் இருக்கும் எலும்பைக் குடைந்து, சுரப்பி இருக்கும் குழிக்குள் போய்க் கட்டியைச் சுரண்டி எடுக்கிறார்கள், தொப்புளுக்குப் பக்கத்தில் கொஞ்சம் கொழுப்பு எடுத்து ஓட்டையை அடைத்தார்கள். மயக்கம் தெளிந்ததும் மூக்கு முழுக்கப் பஞ்சு, வாயால்தான் மூச்சு, உதடு காய்ந்து ஒட்டிக்கொண்டது. என் கணவர் ஈரத் துணியை உதட்டில் ஒற்றி எடுத்துக்கொண்டே இருந்தார். அந்த ஐந்து நாளில் என்னைப் படுத்தியது வலி இல்லை, தண்ணீர்க் கணக்கு. குடிப்பதை எழுத வேண்டும், ஒவ்வொரு முறை சிறுநீர் போவதையும் அளவு ஜாடியில் பிடித்து எழுத வேண்டும். பிட்யூட்டரியின் பின்பகுதி கலைந்துபோனால் சிறுநீர் லிட்டர் லிட்டராகப் போகும், தாகம் அடங்காது. அது ஒரு பக்கம். ஒரு வாரம் கழித்து நேர் எதிராகச் சோடியம் இறங்கிப்போகும் ஆபத்தும் உண்டு. வீட்டுக்கு வந்து நன்றாக இருக்கிறோம் என்று நினைக்கிற நேரத்தில்தான் அது வரும். ஏழாம் நாள் ரத்தம் கொடுக்கச் சொன்னால் கண்டிப்பாகப் போய்க் கொடுங்கள், தலைவலி, வாந்தி, குழப்பமாகப் பேசுவது என்றால் காத்திருக்கவே வேண்டாம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

மூக்கைச் சிந்தக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும், குனிந்து பாரம் தூக்கக் கூடாது, முக்கக் கூடாது. முன்பக்கம் குனிந்தால் மூக்கிலிருந்து தெளிவாகத் தண்ணீர் மாதிரி சொட்டி, தொண்டையில் உப்புக் கரித்தால் அது சளி இல்லாமல் மூளையைச் சுற்றியுள்ள திரவமாக இருக்கலாம், அதற்கும் உடனே ஓட வேண்டும். உடம்பு நோயைத் தாங்குவதற்கு வேண்டிய கார்ட்டிசால் என்ற ஹார்மோன் குறைவாக இருந்ததால் எனக்குச் சில மாதம் ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார்கள். அதை நாமாக நிறுத்தவே கூடாது, காய்ச்சல் வந்தால் கூட்டிச் சாப்பிட வேண்டும், வாந்தியால் மாத்திரை உள்ளே நிற்கவில்லை என்றால் ஊசி போட ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஒரு சீட்டில் இதை எழுதி பர்ஸிலேயே வைத்திருந்தேன், எங்காவது மயங்கி விழுந்தால் யாராவது எடுத்துப் பார்க்கட்டும் என்று.

மூன்றாம் நாள் காலையில் விரல்களைப் பார்த்தேன். முட்டியில் தோல் சுருங்கியிருந்தது. பல வருஷமாக உப்பிப் பளபளவென்று இருந்த விரல் அது. எலும்பு திரும்பிச் சிறிதாகாது, சதையில் இருக்கும் நீர் கோத்த வீக்கம் மட்டும் இறங்கும், அது இவ்வளவு சீக்கிரம் இறங்கும் என்று நான் நினைக்கவில்லை. கையை உயர்த்தி உயர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். மரத்துப்போவதும் சில வாரங்களில் தானாகவே போய்விட்டது. எந்தக் கைக்காக ஆஸ்பத்திரிக்குப் போனேனோ அந்தக் கைக்கு ஆபரேஷனே தேவைப்படவில்லை.

ஐ.ஜி.எஃப்-1 மட்டும் அப்படி ஒரேயடியாக இறங்காது. அது நிலைக்கு வரப் பன்னிரண்டு வாரம் பொறுத்துத்தான் எடுப்பார்கள். நான் பொறுக்காமல் ஐந்தாவது வாரமே நானாகப் போய் எடுத்துப் பார்த்து, 402 என்று வந்ததும் எல்லாம் போச்சு என்று படுத்துவிட்டேன். அதைச் செய்யாதீர்கள். பன்னிரண்டாவது வாரம் 318. முன்பைவிடப் பாதிக்கும் குறைவு, ஆனாலும் வரம்புக்கு மேலே. கட்டியின் ஒரு ஓரம் பெரிய ரத்தக்குழாய் போகிற பக்கவாட்டு அறைக்குள் நுழைந்திருந்தது, அங்கே கை வைப்பது உயிருக்கு ஆபத்து என்று சர்ஜன் விட்டுவிட்டார். விட்டதுதான் சரி. மாதம் ஒரு முறை லான்ரியோடைட் ஊசி ஆரம்பித்தார்கள், ஹார்மோன் சுரப்பை அடக்கும் மருந்து. போட்டதும் மூன்று நான்கு நாள் வயிறு சரியாக இருக்காது, பித்தப்பையில் கல் சேருகிறதா என்று அவ்வப்போது ஸ்கேன் பார்க்க வேண்டும். ஊசியை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து அரை மணி வெளியே வைத்துவிட்டுப் போட்டால் வலி குறைவு, இது எனக்கு நர்ஸ் சொன்னது, பல பேருக்கு யாரும் சொல்வதில்லை. டெஸ்ட்டை அடுத்த ஊசி போடுவதற்கு முன்னால் எடுக்க வேண்டும் என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், மருந்தின் பிடி குறைந்திருக்கும் நேரத்தில் எண் எங்கே நிற்கிறது என்பதுதான் டாக்டருக்கு வேண்டும். ஏழாவது மாதம் 221 வந்தது.

கை சரியான பிறகு அந்த மயக்க மருந்து டாக்டரைத் தேடிப் போய்ப் பார்த்தேன். தினமும் எத்தனையோ பேரைப் பார்க்கிறவர், என் பெயர் அவருக்கு நினைவில்லை. நான் விரல்களைக் காட்டிச் சொல்ல ஆரம்பித்ததும் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார், "நாக்கை நீட்டுங்க" என்றார், நீட்டினேன், அவர் கண் கலங்கிவிட்டது. அவருக்குத் தெரிந்தது அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தால் எனக்கு ஆறு வருஷம் மிச்சமாகியிருக்கும். அதனால்தான் இதை எழுதுகிறேன். மோதிரம், செருப்பு, பல் இடைவெளி, குறட்டை, வியர்வை, கை மரத்துப்போவது, குரல் தடிப்பது, இதில் மூன்று நான்கு உங்களுக்கோ தெரிந்தவர்களுக்கோ சேர்ந்து இருந்தால் பழைய போட்டோ இரண்டை எடுத்துக்கொண்டு போய் ஒரே டாக்டரிடம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லுங்கள். அப்படி ஒன்றும் இல்லாமல், மூளைக்கட்டி பயத்தில் மட்டும் ஐ.ஜி.எஃப்-1 எடுக்கப் போகிறீர்கள் என்றால், என் அக்காவின் அந்த ராத்திரி உங்களுக்கு வேண்டாம்.

இப்போது மூன்றாவது வருஷம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை ரத்தம், வருஷத்துக்கு ஒரு எம்.ஆர்.ஐ. மிச்சம் இருக்கிற துண்டு வளரவில்லை. அம்புக்குறி போட்ட அந்தக் காகிதத்தின் ஓரத்திலேயே ஒவ்வொரு முறையும் தேதியும் எண்ணும் எழுதி வருகிறேன்: 712, 318, 221, 209, 230, 214. 230 வந்தபோது பழையபடி போனை எடுத்துத் தேடப் போனேன், இரண்டு நிமிஷத்தில் கீழே வைத்துவிட்டேன், அடுத்த நாள் காலையில் டாக்டரைக் கேட்டேன். "இந்த ஏத்த இறக்கம் லேப்ல வர்றதுதாம்மா, ஊசியை மாத்த வேண்டாம்" என்றார். அடுத்த டெஸ்ட் இந்த மாதக் கடைசியில், ஊசிக்கு முதல் நாள்.